ஊசி குத்தினால் சொல்ல முடிகிறதா?

பயன்படுத்திய ஊசியும் பிளேடும் குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கு. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்லும் இந்த நிறக் கணக்கை மருத்துவமனைச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் அவசரத்தில் யாரோ ஊசியை மஞ்சள் பையில் வீசிவிடுகிறார். காலையில் அந்தப் பையைக் கட்டித் தூக்கும் பெண்ணின் கையில் அது ஏறுகிறது.

அவர் யாரிடமும் சொல்வதில்லை. குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போகிறார்.

சொன்னால், ஊசியைத் தவறான பையில் போட்டது யார் என்ற கேள்வி எழும். அது டாக்டரையோ நர்சையோ நோக்கிப் போக வேண்டிய கேள்வி. ஆனால் “பார்த்துத் தூக்கக் கூடாதா?” என்று பெண்ணின் மேலேயே வந்து விழும். ஒப்பந்தத் தொழிலாளியான அவரைச் சூப்பர்வைசர் நாளை முதல் வர வேண்டாம் என்றால் கேட்க ஆளில்லை. இந்த வேலைக்கு நம் சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்துமே அதிகம் பேர் போகிறார்கள் என்பது தற்செயலா? ‘தூய்மைப் பணியாளர்’ என்று அரசு பெயரை மாற்றிவிட்டது. வார்டில் மகன் வயதுக்காரர்கூட இன்னும் “ஏய், இங்க வா” என்றுதான் கூப்பிடுகிறார்.

நர்சுகளும் பயிற்சி மருத்துவர்களும் ஓய்வில்லாமல் வேலை பார்க்கிறார்கள், மேலிருப்பவர்களிடம் திட்டு வாங்குகிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. படித்து மேலே போனவர்களையும் சாதி விடுவதில்லை. 2019-இல் மும்பையில் பழங்குடிச் சமூகத்து மருத்துவ மேற்படிப்பு மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சீனியர்கள் அவரைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக வழக்குப் பதிவானது. ஆனால் மேலிருந்து இறங்கும் எரிச்சல் எல்லாம் கடைசியில் வந்து சேர்வது துடைப்பம் பிடித்த கையில்தான்.

அந்த மௌனத்துக்கு விலை உண்டு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை ஊசி குத்திய இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்துவிட்டால் பயனில்லை. மருத்துவர் சொன்னால் 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள். மாத்திரை இருக்கும் அறையைத் தினமும் கூட்டுகிறவருக்கு, கேட்க வாய் வராததால் அது எட்டாமல் போகிறது.

மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் கையுறை, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை ஆகியவற்றை மருத்துவமனையே தர வேண்டும் என்கின்றன விதிகள். ‘அது கான்ட்ராக்டர் பொறுப்பு’ என்று கைகழுவ வழியில்லை.

ஊசி குத்தியவருக்கு முதலில் சிகிச்சை, பிறகு விசாரணை. இதை ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். சொன்னதற்காக யாருடைய வேலையும் போகக் கூடாது. கழிவு மேலாண்மைக் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பதும் விதி. அந்தக் கூட்டத்தில் தூய்மைப் பணியாளர் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள். டீ கொண்டுவர அல்ல, உட்கார்ந்து பேச.

மாணவர்களே, உங்கள் அம்மாவோ அத்தையோ மருத்துவமனை வேலைக்குப் போகிறவரா? ஊசி குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், காயத்தைப் பிதுக்கக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த 72 மணி நேரக் கணக்கையும் இன்று இரவே அவரிடம் சொல்லுங்கள்.