ஊருக்குப் போகுமுன் தண்ணீரைப் பூட்டுங்கள்

மார்கழி பிறந்தால் ஸ்காபரோவில் பல வீடுகளுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். கலியாணம், அந்தியேட்டி, தைப்பொங்கல் என்று ஏதோ ஒன்று. பெட்டியை நாலு தரம் நிறுத்துப் பார்ப்பவர்கள், கடைசியாக ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு விமானம் ஏறுகிறார்கள். “ஆளில்லா வீட்டுக்கு என்னத்துக்குக் காஸ் எரிக்கிறது?” பிளம்பராகப் பிழைக்கும் நான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துவிட்டேன்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். ஆனால் ஐஸ் கட்டிய இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்றில்லை. ஐஸ் வளர வளர, அதற்கும் பூட்டிய பைப்புக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீர் நெரிபடும். அந்த அழுத்தம்தான் குழாயைக் கிழிக்கும். கடுங்குளிர் இரவில் பைப்பை மெல்லிதாக ஒழுகவிடச் சொல்வதும் இதனால்தான். கிழிந்த அரை இஞ்சிச் செம்புக் குழாயை வெட்டி எடுத்தால், ஒரு பக்கம் வீங்கி, மீன் வாய் மாதிரித் திறந்திருக்கும். உறைந்திருக்கும்வரை ஒரு சொட்டும் வராது. குளிர் தணியும் அன்றுதான் பாயத் தொடங்கும். மேல்மாடிக் குளியலறையில் தொடங்கினால் பேஸ்மென்ட் வரை ஊறும்.

காப்புறுதி தரும்தானே என்பார்கள். பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். குளிர்காலத்தில் நாலு நாளுக்கு மேல் வெளியே போனால், ஒருவர் தினமும் வந்து வீடு சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்திருக்க வேண்டும் என்று பலவற்றில் எழுதியிருக்கும். மச்சான் கிழமைக்கு ஒருக்கா எட்டிப் பார்த்தது கணக்கில் வராது.

ஹீட்டிங்கை 15 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். மெயின் வால்வையும் பூட்டி, மேல்மாடியிலும் பேஸ்மென்டிலும் பைப்புகளைத் திறந்து வடியவிடுங்கள். ஃபர்னஸ் இடையில் நின்றாலும் சேதம் குறையும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் தண்ணீரைப் பூட்ட முடியாது. அங்கேதான் எனக்குக் கோபம் வரும். தெர்மோஸ்டாட் மேலே, பூட்டிய கதவுக்குப் பின்னால், வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில். கீழே இருக்கும் பிள்ளைகள் ஜாக்கெட்டோடு படுக்கிறார்கள். இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காதீர்கள். மேல்வீட்டுத் திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். வால்வ் எங்கே என்று வாடகைக்காரருக்குக் காட்டுங்கள்.

அது பெரும்பாலும் பேஸ்மென்டின் முன்சுவரில், தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அரிசி மூட்டை மறைத்திருந்தால் நகர்த்திவிட்டு, ஒருதரம் திருகிப் பாருங்கள். வருடக்கணக்காகத் தொடாத வால்வ் இறுகிப்போயிருக்கும். அதை மாற்ற நகரசபை ஆள் வந்து வெளியே தண்ணீரை நிறுத்த வேண்டும்; விமானம் ஏறும் அன்று காலையில் என்னை அழைத்துப் பயனில்லை.