19 நிமிடம் பேசினால் காசு இல்லை! நோயாளிக் குழந்தைகளுக்கு பில் போடுவதில் அமெரிக்காவில் திண்டாட்டம்

அமெரிக்காவில் ஆஸ்துமா, வலிப்பு என்று தீராத நோயோடு போராடும் குழந்தைகளை கவனிப்பதைவிட, அதற்கு பில் போடுவது டாக்டர்களுக்கு பெரிய தலைவலியாக இருக்கிறது.

குழந்தை ஆஸ்பத்திரிக்கு வராத நாளிலும் நர்சு போனில் தாயாரிடம் பேசுவார். மருந்துக்கடை, பள்ளிக்கூடம் என்று விசாரிப்பார். இப்படிப்பட்ட வேலைக்கு 2015-ல் "மெடிகேர்" காசு கொடுக்க தொடங்கியது. பில் எண் 99490.

20 நிமிடம்

நிபந்தனையோ ஏராளம். குறைந்தது 2 தீராத நோய் இருக்க வேண்டும். மாதத்தில் 20 நிமிடம் ஆக வேண்டும். 19 நிமிடம் என்றால் அம்போ! அடுத்த மாத கணக்கில் சேர்க்கவும் முடியாது. மாதத்துக்கு ஒரு டாக்டர்தான் பில் போடலாம்.

குழந்தைக்கு யார்?

மெடிகேர் முக்கியமாக 65 வயதை எட்டியவர்களுக்கு. சிறுநீரகம் செயலிழந்த சிறுவர்கள் போன்ற சிலரே அதில் வருவார்கள். ஏழைக் குழந்தைகளுக்கு "மெடிக்கெய்டு". அதில் இந்த பில்லுக்கு காசு உண்டா, இல்லையா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

காசு வராத வேலையை எத்தனை நாள் இலவசமா செய்வாங்க? போன் நின்றால் மருந்து தவறும். மூச்சு முட்டும் பிள்ளையை தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியதுதான். அங்கே ஆகும் பில் இதைவிட பல மடங்கு! அப்புறம் மிச்சம் எங்கே?