படிக்காத கட்டுரையைப் படித்ததாக எழுதாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி பள்ளி இடைநிற்றல் பற்றி பி.எச்டி. செய்கிறாள். போன வாரம் இரண்டாம் அத்தியாயத்தை அனுப்பி, "சார், எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்க" என்றாள். முன்னாய்வுகள் பற்றிய அத்தியாயம். லிட்ரேச்சர் ரிவியூ என்பீர்களே, அதுதான். நாற்பது பக்கம். இவர் 2011-இல் இப்படிக் கூறினார், அவர் 2014-இல் அப்படிக் கூறினார் என்று பத்தி பத்தியாகப் போகிறது. யாரோடு யார் முரண்படுகிறார், இவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை.

"இதுல எத்தனை கட்டுரையை முழுசாப் படிச்சே?" என்று கேட்டேன்.

"சுருக்கம்தான் சார் படிச்சேன். எல்லாரும் அப்படித்தான். எண்ணிக்கையைத்தானே பாக்குறாங்க."

திட்டவில்லை. ஒரு சம்பவம் சொன்னேன்.

2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றி ஓர் ஆய்வு. ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை ஆரோக்கியமானவர்கள் மூச்சுவழியாக இழுக்க வேண்டும். அங்கேயே வேலை பார்த்த 24 வயதுப் பெண் தானாக முன்வந்தார். நுரையீரல் கெட்டு ஜூன் மாதம் இறந்துபோனார். ஆய்வாளர் முன்னாய்வுகளைத் தேடாமல் இல்லை. பப்மெட்டில் தேடினார். அன்றைக்கு அதில் 1966-க்குப் பிறகு வந்தவைதான் கிடைக்கும். இந்த மருந்தால் நுரையீரல் கெட்டதைச் சொன்ன கட்டுரைகள் 1950-களிலேயே வந்துவிட்டன. அந்த ஆய்வில் வேறு குறைகளும் இருந்தன. ஆனாலும் பழைய இதழ்களைப் புரட்டியிருந்தால் எச்சரிக்கை கிடைத்திருக்கும்.

"என் தலைப்புல யார் சார் சாகப் போறாங்க?" என்றாள்.

யாரும் சாக மாட்டார்கள். ஆனால் நாளைக்கு ஓர் அதிகாரி "ஆய்வு சொல்கிறது" என்று உன் ஏட்டைக் காட்டி ஒரு திட்டம் போட்டால், அனுபவிப்பது ஏதோ ஒரு கிராமத்துப் பிள்ளைதானே?

என் கருத்து இதுதான். முழுதாகப் படித்த இருபது கட்டுரை, பெயர் மட்டும் தெரிந்த இருநூறைவிட மேல். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன கேட்டார், யாரிடம் கேட்டார், என்ன கண்டார், எதை விட்டார். பிறகு ஆசிரியர் வரிசையில் அடுக்காமல் கேள்வி வரிசையில் அடுக்குங்கள். விட்டுப்போன இடம் தானாகத் தெரியும். அதுதான் உங்கள் ஆய்வுக்கான இடம். எங்கே தேடினீர்கள், எந்த ஆண்டு முதல் தேடினீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். ஏஐ தரும் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் அது பக்க எண் கொடுக்கும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எண்ணிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் நம் ஆசிரியர் கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

நேற்று அவளே போன் செய்தாள். "ஏழு கட்டுரை முழுசாப் படிச்சிட்டேன் சார். அதுல ரெண்டு, நான் எழுதினதுக்கு நேர்மாறாச் சொல்லுது" என்றாள். குரலில் பயம் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆய்வு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.