காத்திருந்ததுக்கும் கூலி

போன பிப்ரவரியில் பள்ளிக்கூட சிநேகிதர்கள் நாலு பேரும் வாகமன் போனோம். கேரளாவில் இடுக்கி மாவட்டத்து மலை ஊர். அங்கே கோலாகலமேடு பாராகிளைடிங்குக்குப் பேர்போனது. சர்வதேசத் திருவிழாவே நடத்தியிருக்காங்க. ரெண்டு பேருக்குச் சென்னையில் ஐடி வேலை. ஒருத்தன் அரியலூர்ல சிமெண்ட் லாரி ஓட்டுறான். நான் பெரம்பலூர் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடுறவன்.

சாயங்காலம் 4 மணிக்கே மேட்டுல நின்னுட்டோம். பைலட் குச்சியில கட்டின ரிப்பனையே பார்த்துக்கிட்டு இருந்தார். 5 மணி தாண்டினதும், "காத்து கூடுதல் சார், இன்னிக்குப் பறக்க வேண்டாம்"னு சொல்லிட்டார்.

சென்னைக்காரனுக்குக் கோபம். "முந்நூறு கிலோமீட்டருக்கு மேல வந்திருக்கோம் மாப்ள. கூட ஐநூறு தர்றேன்னு சொல்லு, அஞ்சு நிமிஷம் பறந்தாப் போதும்" என்றான். எனக்கும் உள்ளுக்குள்ள அதே ஆசைதான்.

பைலட் பொறுமையா விளக்கினார். இந்தச் சிறகுக்கு இன்ஜின் கிடையாது. அதோட வேகமே மணிக்கு 35, 40 கிலோமீட்டர்தான். எதிர்காத்தும் அதே வேகத்துல அடிச்சா முன்னால நகராது. அதுக்கும் மேல போனா பின்னால தள்ளிடும். மலைக்குப் பின்பக்கம் காத்து சுருண்டு புரளும், அதுல மாட்டினா சிறகு மடங்கிடும். சொல்லிட்டுத் துணியை மடிச்சுப் பையில வெச்சார்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஆனா பைலட்டுக்கு அன்னிக்கு ஒரு பைசா கிடையாது. பறந்தாத்தான் காசு.

இந்தக் கணக்கு எனக்குப் புதுசு இல்லை. எங்க ஊர்ல மருந்து அடிக்கிறவங்களுக்கும் டேங்க் கணக்குலதான் கூலி. ஒரு வருஷம் என் பருத்திக்காட்டுல ஒரு அண்ணன், "காத்து மூஞ்சியிலயே அடிக்குது தம்பி, நாளைக்குக் காலையில அடிப்போமே" என்றார். "மழை வந்துட்டா எல்லாம் போச்சுண்ணே, முடிச்சிடுங்க" என்றேன். அவருக்கும் அன்னிக்குக் கூலி வேணும், அடிச்சார். ராத்திரி வாந்தி, மயக்கம். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து பிழைச்சு வந்தார். 2017-ல் எங்க பெரம்பலூர்லயும் மகாராஷ்டிராவில் யவத்மால்லயும் பருத்திக்கு மருந்து அடிச்சவங்க செத்தே போனாங்க.

பாதுகாப்புன்னா ஹெல்மெட், முகமூடின்னு பேசுறோம். அதெல்லாம் வேணும்தான். ஆனா 'இன்னிக்கு வேண்டாம்'னு சொல்றவர் வீட்ல அன்னிக்கு அடுப்பு எரியணும். இல்லேன்னா எத்தனை நாளைக்கு அவரால அப்படிச் சொல்ல முடியும்? இமாச்சலப் பிரதேசத்துல மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, பறக்கவே தடை. நல்ல சட்டம். ஆனா ஒரு சாயங்காலத்துக் காத்தைச் சட்டத்தால பார்க்க முடியாது, மேட்டுல நிக்கிறவர்தான் பார்க்கணும்.

அதனால என் யோசனை இதுதான். கட்டணத்துலயே ஒரு பங்கைக் காத்திருப்புக் கூலின்னு ஒதுக்கிடணும். பறந்தாலும் பறக்காட்டியும் அது பைலட்டுக்கு. மீதியைத்தான் திருப்பிக் கேட்கணும். மருந்து அடிக்க வந்து காத்துக்காகத் திரும்பிப் போறவருக்கு நான் இப்போ அரைக்கூலி கொடுக்கிறேன். நட்டம்னு தோணலை.

எங்க பச்சைமலையிலும் பாராகிளைடிங் வந்தா நாலு பேருக்கு வேலை கிடைக்கும்னு ஊர்ல ஒரு பேச்சு ஓடுது. வரட்டும், இந்த ஏற்பாட்டோட வரட்டும்.

அன்னிக்கு நாங்க ஆளுக்கு இருநூறு போட்டு அந்தப் பைலட்டுக்குக் கொடுத்தோம். வேண்டாம்னார், கையில திணிச்சிட்டு வந்தோம். நீங்களும் லீவு போட்டு எங்கேயாவது மலைக்குப் போவீங்க. அங்கே ஒருத்தர் காத்து சரியில்லைன்னு சொன்னா, தயவுசெஞ்சு கூட ஐநூறு தர்றேன்னு ஆசை காட்டாதீங்க.