பங்களாவுக்கு வெள்ளை அடிக்கும் முன்பு

கர்நாடகத்தில் நந்திதுர்க் என்ற பெயருக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, பெங்களூருக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் உள்ள மலைக்கோட்டை. 1791-ல் கார்ன்வாலிஸின் படை திப்பு சுல்தானிடமிருந்து அதைக் கைப்பற்றியது. பிறகு அது வெள்ளைக்கார அதிகாரிகளின் கோடை வாசஸ்தலமாயிற்று. மைசூர் கமிஷனராக இருந்த மார்க் கப்பனின் பெயரில் அங்கே ஒரு மாளிகை இன்றும் இருக்கிறது. 1986-ல் பெங்களூரில் நடந்த சார்க் மாநாட்டின்போது தெற்காசியத் தலைவர்கள் ஓய்வாகப் பேச அழைத்துச் செல்லப்பட்டதும் அந்த மலைக்குத்தான்.

இன்னொரு நந்திதுர்க், கோலார் தங்கவயலில் பூமிக்குள் இறங்குகிறது. குளுகுளு மலையின் பெயரைத் தாங்கிய அந்தச் சுரங்கத்தில் குளிர்ச்சி இல்லை. அதற்கு அண்டையில் உள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மலை நந்திதுர்க் ஓய்வெடுக்க வந்தவர்களுடையது. சுரங்க நந்திதுர்க் வேலைக்கு வந்தவர்களுடையது. வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள். அவர்களிலும் தலித்துகளே மிகுதி.

தங்கவயலும் ஒன்றல்ல, இரண்டு ஊர்கள். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்துக்கு வந்தபின், மேட்டு நிலத்தில் பங்களாக்கள் எழுந்தன. சாய்வான ஓட்டுக் கூரை, அகன்ற வராந்தா, தோட்டம், தோட்டக்காரன் என்று சகலமும் இருந்தன. 1885-ல் கிளப் வந்தது. கோல்ஃப் மைதானமும் வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது பெங்களூர் வீதிகளில் கூட மின்விளக்கு கிடையாது. "சின்ன இங்கிலாந்து" என்ற செல்லப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

மற்ற ஊரின் பெயர் 'லைன்'. மூங்கில் தட்டியும் மண்ணுமாக வரிசையாகக் கட்டப்பட்ட, ஓர் அறை கொண்ட வீடுகள். தண்ணீருக்குப் பொதுக் குழாய். கழிப்பிடமும் பொது. அதுவும் மனிதர் கையால் அள்ள வேண்டிய உலர் கழிப்பிடம். அந்த வேலை செய்த குடும்பம் ஒன்றில் தங்கவயலில் பிறந்தவர்தான் 2016-ல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன். இந்த இழிவை எதிர்த்து அவர் முதலில் குரல் எழுப்பியது சொந்த ஊரில்தான். அந்தப் போராட்டம் பிறகு நாடு தழுவிய இயக்கமாயிற்று.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-ல் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி உற்பத்தி நின்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த பூமி அன்றைக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். பங்களாக்களில் பல கதவும் ஜன்னலும் பறிபோய் நிற்கின்றன.

இந்தப் பங்களாக்கள் மீது இப்போது புதிய பார்வைகள் விழத் தொடங்கியுள்ளன. 2018-லும் 2022-லும் வந்த 'கே.ஜி.எஃப்' படங்கள், 2024-ல் பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' எல்லாம் சேர்ந்து ஊரின் பெயரை உலகம் பூராவும் கொண்டு சேர்த்துவிட்டன. சயனைடு மேடுகளைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். பழைய பங்களாக்களைப் பழைமை மாறாமல் புதுப்பித்து சொகுசு விடுதிகளாக்கினால் என்ன என்ற பேச்சு எழுவது இயற்கையே. நல்ல யோசனைதான். ஆனால் வெள்ளை அடிப்பதற்கு முன்பு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: லைனில் இருப்பவர்களுக்கு இதை யார், எப்போது, எந்த மொழியில் சொல்வார்கள்?

சட்டம் இதில் பெரிய உதவி எதுவும் செய்வதில்லை. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கத் திட்டம் என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலோ வட்டார மொழியிலோ கிடைக்க வேண்டும். கட்டடத் திட்டங்களுக்கோ இந்தக் கருத்துக் கேட்பே கிடையாது. 20 ஆயிரம் சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டுமானத்துக்கு இந்த அனுமதி நடைமுறையே பொருந்தாது. ஆக, மேட்டிலுள்ள மண்ணைக் கிளற வேண்டுமானால் ஊரைக் கூட்ட வேண்டும். அதே மேட்டுக்குப் பக்கத்தில் உள்ள பங்களாவை நாளொன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் வாடகை வாங்கும் விடுதியாக்க வேண்டுமானால் யாரையும் கூட்ட வேண்டியதில்லை.

மொழி விஷயம் இதைவிடச் சிக்கல். கர்நாடகத்தின் ஆட்சிமொழி கன்னடம். டெண்டர் விளம்பரங்கள் ஆங்கிலத்தில் வரும். தங்கவயல் லைன்களில் பேச்சு தமிழில். மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்பு குறித்து மத்திய அரசு 1956-ல் வெளியிட்ட குறிப்பாணை, ஒரு பகுதியில் 15 முதல் 20 சதவீதம் பேர் சிறுபான்மை மொழி பேசினால் முக்கிய அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிடுவது நல்லது என்கிறது. 'நல்லது' என்று மட்டும் சொல்கிற குறிப்பாணையை எந்த அதிகாரியும் மீறிவிட முடியாது; மறந்துவிட முடியும்.

சொல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதைத் தங்கவயல் ஒருமுறை காட்டியிருக்கிறது. 1930-ல் கம்பெனிகள் தொழிலாளர்களின் விரல் ரேகையைப் பதிவு செய்ய முனைந்தன. நிர்வாகத்தின் கண்ணில் அது ஒரு பதிவேட்டு வேலை. தொழிலாளியின் கண்ணில் ரேகை வைப்பது குற்றவாளிகளுக்குச் செய்வது. வயல் முழுக்க வேலைநிறுத்தம் வெடித்தது. கம்பெனிகள் பின்வாங்கின. கூலி உயர்வுக்காக அல்ல, விளக்கப்படாத ஓர் உத்தரவால் தங்கம் வெட்டுவது நின்றது.

இந்த மக்களுக்கு எழுத்து வாசனை இல்லை, சொன்னாலும் புரியாது என்று சாக்குச் சொல்வதற்கும் வழியில்லை. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1914-ல் மறைந்த பிறகு 'தமிழன்' பத்திரிகையை 1920-களில் மீண்டும் கொண்டுவந்தது இந்தத் தங்கவயல்தான். ஆசிரியர் அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டது சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பகலில் பாறை வெட்டி, இரவில் பத்திரிகை படித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கட்டடத் திட்டம் புரியாமல் போகாது.

பழைய மாளிகைகள் விடுதியாவது தமிழருக்குப் புதிதல்ல. காரைக்குடியில் ஒரு நகரத்தார் குடும்பத்தின் கிளப்பாக இருந்த கட்டடம், மீனாட்சி மெய்யப்பனின் முயற்சியால் 1999-ல் 'பங்களா' என்ற விடுதியாயிற்று. செட்டிநாட்டுச் சமையலைத் தேடி வெளிநாட்டார் வருகிறார்கள். அங்கே உரிமையாளர் உள்ளூர்க்காரர். ஊருக்கும் கட்டடத்துக்கும் இடையே உறவு அறுபடவில்லை. தரங்கம்பாடியில் கடலோரத்து ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் பங்களாவை நீம்ரானா நிறுவனம் விடுதியாக மாற்றியது. அந்த ஊரில் விடுதியோடு வேலை நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, இன்டாக் அமைப்பு கோட்டை நகரின் சாதாரணத் தெரு வீடுகளையும் பழுது பார்த்தது.

ஊரைச் சேர்த்துக்கொண்டு செய்ததற்குப் பாண்டிச்சேரி நல்ல உதாரணம். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஏசியா உர்ப்ஸ்' திட்டத்தில் தமிழர் பகுதியான வைசியாள் வீதியின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் எல்லாம் மீண்டன. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கேற்றனர். செலவில் பங்கு கேட்க வேண்டுமானால் வாசலில் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். தகவல் தருவது அங்கே தர்மகாரியமாக இல்லை. வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. 2008-ல் அந்த வீதி யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளில் இடம் பெற்றது.

சுரங்க ஊருக்கு இன்னும் பொருத்தமான பாடம் ஜெர்மனியில் இருக்கிறது. எஸ்ஸன் நகரின் ஸோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-ல் மூடப்பட்டது. இடித்துத் தள்ளாமல் மாநில அரசு அந்த இடத்தை உடனே வாங்கிக்கொண்டது. 2001-ல், அதாவது தங்கவயல் மூடப்பட்ட அதே ஆண்டில், அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதிகாரிகளின் வீடுகளை அல்ல, இயந்திரக் கூடங்களையும் தூக்குக் கோபுரத்தையும்தான் அங்கே முதலில் காப்பாற்றினார்கள். உழைத்த இடம்தான் அங்கே மரபுரிமை. தங்கவயலுக்குச் சுரங்க நிபுணர்களை அனுப்பிய இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியும் 2006-ல் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. கார்ன்வால்காரர்கள் கடல் கடந்து வந்து வெட்டிய ஊர் ஏறவில்லை.

தங்கவயலில் எதைப் புதுப்பித்தாலும், வரலாற்றில் எந்தப் பாதியைப் புதுப்பிக்கிறோம் என்ற கேள்வி வரும். பங்களாவை மட்டும் மெருகேற்றி, லைனை மூங்கில் வேலிக்குப் பின்னால் மறைத்தால், விருந்தாளிக்குக் கிடைப்பது பாதிக் கதை. லைன்காரனுக்குக் கிடைப்பது வாட்ச்மேன் வேலை.

ஊருக்குச் சொல்ல வேண்டிய விஷயங்கள் நீளமானவை அல்ல. முதலாவது நிலம். குடியிருக்கும் வீடு தங்கள் பெயருக்கு வர வேண்டும் என்று தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகின்றன. அது தீராத நிலையில் பக்கத்து பங்களா தனியார் குத்தகைக்குப் போனால், அடுத்தது நம் வீடா என்ற பயம் வரும். திட்டத்தின் எல்லை எது, எந்த லைன் அதற்குள் வராது என்பதை வரைபடத்தோடு எழுதிக் காட்ட வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். பேத்தமங்கலம் ஏரியை நம்பி வளர்ந்த ஊர் இது. புல்தரைக்கும் நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், எத்தனை லிட்டர் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூன்றாவது கழிவு. பெஜவாடா வில்சன் பிறந்த ஊரில் விடுதியின் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்யப் போவது மனிதனா, இயந்திரமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். நான்காவது வேலை. எத்தனை இடம், என்ன பயிற்சி, என்ன சம்பளம் என்பதைத் திறப்பு விழா மேடையில் அல்ல, அடிக்கல்லுக்கு முன்பே சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, யாரும் எளிதில் பேச விரும்பாதது: சயனைடு மேடுகள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மூன்று கோடி டன்னுக்கும் மேலான கழிவு மண் ஊரைச் சுற்றிக் குவிந்திருக்கிறது. காற்றடி காலத்தில் அதன் தூசு வீட்டுக்குள் வருகிறது. அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க, 13 மேடுகளைக் கொண்ட சுமார் ஆயிரம் ஏக்கருக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மேட்டைக் கிளறுவதும் சொகுசு விடுதி நடத்துவதும் ஒரே நேரத்தில் நடந்தால், தூசு யார் பக்கம் வீசும்? விருந்தாளிக்கு ஜன்னலைச் சாத்திக் குளிர்சாதனம் போட்டுவிடலாம். லைன் வீட்டுக்கு ஓட்டை அடைக்கவே வழியில்லை.

சொல்லும் முறையும் சிரமமானதல்ல. ஒரு தாளில் இரு பக்கம்: ஒன்று கன்னடம், ஒன்று தமிழ். அகராதித் தமிழ் வேண்டாம். ஷாஃப்ட், லைன், மேடு என்று ஊர் பேசும் தமிழ் போதும். அதை ரேஷன் கடையிலும் கோவில், சர்ச் வாசலிலும் மாரிக்குப்பம் ரயில் நிலையத்திலும் ஒட்ட வேண்டும். கூட்டத்தை வேலை நாளின் பகலில் வைத்தால் பெங்களூர் போனவர்கள் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும். கேட்கப்பட்ட கேள்வியும் கொடுத்த பதிலும் அடுத்த வாரம் அதே சுவரில் ஒட்டப்பட வேண்டும். முடியாது என்ற பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. பதில் வராமல் இருப்பதுதான் வதந்திக்குத் தீனி.

இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு பங்களாவின் வராந்தாவுக்குத் தரை போடும் செலவைவிடக் குறைவு. முதலீடு செய்பவர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நிலம் பொதுத்துறை நிறுவனத்தின் பெயரில் இருக்கும்வரை, அந்தத் தாளை அச்சடிக்கும் கடமை அரசினுடையது. ஆங்கில டெண்டர் விளம்பரம் டெல்லிப் பத்திரிகையில் வருவதற்கு ஒரு மாதம் முன்பாவது அது நந்திதுர்க் லைனுக்கு வந்து சேர வேண்டும்.