முகம் பித்தளைக் குடமா?

மாசி பிறந்தால் காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் புளி உலுக்கும் ஓசை கேட்கத் தொடங்கும். வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஓடு தட்டுவார்கள், நார் உரிப்பார்கள், கொட்டை எடுப்பார்கள். பொழுது சாய்வதற்குள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிடும். விரலில் சிறு கீறல் இருந்துவிட்டால் போதும், அன்று இரவு சோறு பிசைவதற்குக்கூடக் கை கூசும்.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். கை எரிச்சலுக்குத் தாய் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். உள்ளே, கல்லூரிக்குப் போகும் மகள் கைப்பேசி மூலம் பணம் கட்டி வரவழைத்த சிறு கண்ணாடிப் புட்டியைத் திறந்து, முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தடவிக்கொண்டிருக்கிறாள். புட்டியில் இருப்பதும் அமிலம்தான்! தாயின் விரலை எரிக்கும் புளியின் ஒன்றுவிட்ட சகோதரியை மகள் விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

இதைக் கேட்டுத் தாய் பதறவும் வேண்டாம். மகள் சிரிக்கவும் வேண்டாம். இருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில் நிறைய இருக்கிறது.

செத்த தோலும் சாந்தும்

தோலின் மேற்புறம் உயிரற்ற அணுக்களால் ஆனது. செங்கல்லும் சாந்துமாகச் சுவர் எழுப்பியதுபோல அவை அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடியில் புதியவை பிறக்க, மேலே பழையவை உதிர்கின்றன. ஏறக்குறைய நான்கு வாரங்களில் ஒரு சுற்று முடிகிறது. அமிலம் செய்யும் வேலை அந்தச் சாந்தைச் சற்றே நெகிழவைப்பதுதான். செத்த அணுக்கள் சீக்கிரம் உதிர்கின்றன. கீழே உள்ள புதிய தோல் மிருதுவாகத் தெரிகிறது.

இந்த வித்தை அழகுக்காகத் தோன்றியது அல்ல. மீன் செதில்போலத் தோல் தடித்துப் பிளக்கும் நோய் ஒன்று உண்டு. அதற்கு இந்தப் பழ அமிலங்கள் உதவுகின்றன என்று அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1974-ல் எழுதினார்கள். நோயாளிக்காக வந்த மருந்து 1990-களில் அழகுக் கடைக்குக் குடியேறியது. இன்று அது கிராமத்து வீட்டு அலமாரி வரை வந்துவிட்டது.

பெயரும் குணமும்

புட்டிகளில் காணும் பெயர்கள் பயமுறுத்தும். ஆனால் பிறந்த வீட்டைச் சொன்னால் எல்லாம் பழகிய உறவுகளே. கிளைகாலிக் அமிலம் கரும்பில் உள்ளது. லாக்டிக் அமிலம் தயிரில் உள்ளது. மாலிக் அமிலம் ஆப்பிளிலும், சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலும், டார்டாரிக் அமிலம் புளியிலும் திராட்சையிலும் உள்ளன. மாண்டலிக் அமிலம் கசப்பு வாதுமையிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. கடையில் விற்பவை பெரும்பாலும் தொழிற்சாலையில் தயாரானவை. என்றாலும் பொருள் ஒன்றுதான்.

இவை ஒரே குடும்பத்தவை என்றாலும் குணம் ஒன்றல்ல. கிளைகாலிக் மிகச் சிறிய மூலக்கூறு. அதன் எடை எண் 76. சிறியது விரைவாக உள்ளே நுழையும். ஆகவே வேகமும் அதிகம், எரிச்சலும் அதிகம். லாக்டிக்கின் எண் 90. அது சற்றுச் சாது. தோலில் ஈரத்தை நிறுத்திவைக்கும் குணமும் அதற்கு உண்டு. மாண்டலிக்கின் எண் 152. கிளைகாலிக்கைப்போல் சரியாக இரண்டு மடங்கு. அது மெல்ல மெல்லத்தான் இறங்கும். எரிச்சல் தாங்காத தோலுக்கு மருத்துவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம். குளுக்கோனோலாக்டோன் என்பது இன்னும் பெரியது, இன்னும் மென்மையானது.

சாலிசிலிக் அமிலம் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. வில்லோ என்ற மரத்தின் பட்டையோடு தொடர்புடைய இது, தண்ணீரைவிட எண்ணெயில் எளிதாகக் கலக்கும். ஆகவே எண்ணெய் அடைத்த மயிர்க்கால்களுக்குள் இறங்க வல்லது. பருவுக்கும் கரும்புள்ளிக்கும் இதைச் சொல்வது இதனால்தான். படர்தாமரைக்குத் தடவும் பழைய விட்ஃபீல்டு களிம்பில் 100-க்கு 3 பங்கு சாலிசிலிக் அமிலம் உண்டு. முகத்துக்கு 2 பங்கு வரை போதும். கால் ஆணியைக் கரைக்க ஒட்டும் பிளாஸ்திரியில் அதே அமிலம் 40 பங்கு வரை இருக்கும்! முகத்துக்கு மருந்தாவதும் ஆணியை அறுக்கும் ஆயுதமாவதும் ஒரே சரக்கு, வித்தியாசம் அளவில்தான்.

10 என்று போட்டால் போதுமா?

அளவைப் பார்த்து வாங்கினால் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. இரண்டு புட்டிகளிலும் 'கிளைகாலிக் 10 சத விகிதம்' என்று எழுதியிருக்கலாம். ஒன்று முகத்தை எரிக்கும். மற்றொன்று வெறும் தண்ணீர்போல இருக்கும். ஏன்?

அமிலத்தின் புளிப்பை அளக்க 'பி.எச்.' என்ற அளவுகோல் உண்டு. பள்ளிக்கூடத்துப் பாடம்தான். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே ஒவ்வொரு படி இறங்கும்போதும் புளிப்பு பத்து மடங்கு ஏறும். கிளைகாலிக் அமிலம் 3.8 என்ற நிலையில் இருந்தால் அதில் பாதி விடுபட்ட அமிலமாக நின்று வேலை செய்யும். மீதிப் பாதி உப்பாக மாறித் தோலுக்குள் எளிதில் இறங்காமல் நிற்கும். 4.8-க்கு ஏற்றிவிட்டால் 100-க்கு 9 பங்குதான் வேலைக்கு வரும். அதாவது, முதல் புட்டியின் 10-ல் 5 உழைக்கிறது. இரண்டாவது புட்டியின் 10-ல் ஒன்றுகூட முழுதாக உழைப்பதில்லை. விலை மட்டும் இரண்டுக்கும் ஒன்று!

அமெரிக்காவில் அழகுப் பொருள்களை ஆராயும் நிபுணர் குழு 1990-களின் பிற்பகுதியில் ஒரு வரம்பு சொன்னது. கிளைகாலிக், லாக்டிக் அமிலங்கள் வீட்டு உபயோகத்துக்கு 10 பங்குக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. வெயில் காப்பும் வேண்டும் என்பது அதன் முடிவு. ஆனால் 20, 30 என்று பெரிய எண்ணைப் பொறித்து, அதையே வீரமாக விற்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இத்தகைய கடும் அமிலங்களை வீட்டில் பூசித் தோலை உரிக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது. தோல் வெந்துபோனவர்கள் இருந்ததால்தான் அந்த எச்சரிக்கை வந்தது.

எலுமிச்சை மட்டும் யோக்கியமா?

"இந்தப் புட்டியே வேண்டாம், எலுமிச்சம் பழத்தைத் தேய்த்தால் போதாதா?" என்று பாட்டிமார் கேட்கலாம். போதாதது மட்டுமல்ல, கூடவே கூடாது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறக்குறைய 2. நிபுணர் குழு சொன்ன 3.5 எங்கே, இது எங்கே? முப்பது மடங்கு புளிப்பு! அதோடு, எலுமிச்சை இனப் பழங்களில் வெயில் பட்டதும் தோலைச் சுடும் சத்துகளும் உண்டு. சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழும்பி, பிறகு கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

புளியின் கதையும் அதுவே. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் தங்கம்போல் மின்னுகிறது. களிம்பைப் புளிப்பு கரைத்துவிடுகிறது. அதைப் பார்த்துப் பழகிய கண், முகத்தையும் அப்படியே துலக்கலாம் என்று நினைக்கிறது. குடத்தின் கறுப்பு அழுக்கு. முகத்தின் கறுப்பு நிறம். அழுக்கைத் துலக்கலாம், நிறத்தைத் துலக்கப் போனால் தோல்தான் போகும்.

தயிரும் பயத்தம் மாவும் இந்தப் பட்டியலில் சேராது. தயிரில் லாக்டிக் அமிலம் குறைவு, புளிப்பும் மெல்லியது. அவை பெரிய அதிசயம் செய்யாவிட்டாலும் பெரிய தீங்கும் செய்வதில்லை. இயற்கை என்பதால் நல்லது, செயற்கை என்பதால் கெட்டது என்ற கணக்கு மட்டும் இங்கே செல்லாது.

வெயில் கேட்கும் வட்டி

தருமபுரிச் சீமைக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான். கிளைகாலிக் அமிலத்தை நான்கு வாரம் பூசினால் வெயிலால் தோல் சிவக்கும் தன்மை 100-க்கு 18 பங்கு கூடுகிறது. நிறுத்திய ஒரு வாரத்தில் அது தணிந்துவிடுகிறது. இதையொட்டி, இத்தகைய பூச்சுகளில் வெயில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க நிர்வாகம் 2005-ல் ஆலோசனை கூறியது.

குளிர் அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர் மாலையில் பூசிக்கொண்டு, காலையில் வெயில் காப்புக் களிம்பு தடவிக்கொள்ளலாம். தக்காளித் தோட்டத்தில் களை எடுப்பவள் என்ன செய்வாள்? உச்சி வெயிலில் பேருந்துக்கு நிற்கும் மாணவி என்ன செய்வாள்? மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் இன்னொரு சங்கடமும் உண்டு. எரிச்சல் கண்ட இடமெல்லாம் கறுத்துப்போவது அந்தத் தோலின் சுபாவம். நிறம் தெளிய வேண்டும் என்று பூசிய பூச்சே கரும்படையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதை மறைக்க இன்னொரு புட்டி. அந்த எரிச்சலுக்கு மற்றொரு களிம்பு. கந்துவட்டிக் கடன்போல, முதல் அப்படியே இருக்க வட்டி ஏறிக்கொண்டே போகிறது!

ஆகவே, வெயிலில் உழைப்பவருக்கு முதல் செலவு அமிலம் அல்ல. தலைக்கு முண்டாசும் முகத்துக்கு நிழலும்தான். அடுத்தது, வறண்ட தோலுக்கு ஏதாவது சாதாரண ஈரக்களிம்பு. பரு இருப்பவர் சாலிசிலிக்கைக் குறைந்த அளவில், வாரத்தில் இரண்டு இரவு பூசிப் பார்க்கலாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசக் கூடாது. எந்த அமிலத்தையும் முதலில் காதின் பின்புறம் ஒரு துளி வைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம். இரண்டு அமிலங்களை ஒரே இரவில் பூசினால் இரட்டிப்புப் பலன் என்பது வீண் ஆசை, இரட்டிப்பாவது எரிச்சல்தான்.

புட்டி பேசட்டும்

வாங்குபவருக்கு ஓர் உபாயம் உண்டு. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, சேர்ந்துள்ள சரக்குகளை எடை இறங்கும் வரிசையில் அச்சிட வேண்டும். 1 சத விகிதமும் அதற்குக் குறைந்தவையும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் வரலாம். பினாக்சிஎத்தனால் என்ற கெடாமல் காக்கும் சரக்கு 1 பங்குக்கு மேல் சேர்க்கப்படுவதில்லை. பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் முழங்கும் அமிலம், பின்புறப் பட்டியலில் அந்தப் பெயருக்குக் கீழே கிடந்தால், அதன் அளவும் 1 பங்குக்கு மேல் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்தப் பட்டியல் எந்த மொழியில் இருக்கிறது? எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது? பூதக்கண்ணாடி வைத்தாலன்றித் தெரியாத ஆங்கில எழுத்து, புளி தட்டும் தாய்க்கு என்ன சொல்லும்? அமிலம் எத்தனை பங்கு, பி.எச். எவ்வளவு, வெயிலில் என்ன செய்யும் என்ற மூன்று வரிகளைத் தமிழில் பெரிதாக அச்சிடுவது கம்பெனிகளுக்கு மலையைப் புரட்டும் வேலை அல்ல. பூச்சிமருந்து டப்பாவில் அபாய அடையாளம் போட முடிகிறதே! அழகு விற்கும் புட்டியில் மூன்று வரிக்கு இடமில்லையா? இதைச் சட்டம் ஆக்குவதே சரி.

அதுவரை, வீட்டிலேயே ஓர் ஆசிரியை இருக்கிறாள் என்பதை மகள்கள் மறக்க வேண்டாம். புளி எத்தனை நாழிகை தட்டினால் விரல் எரியும், எப்போது நிறுத்த வேண்டும், எரிந்தால் என்ன தடவ வேண்டும் என்பதெல்லாம் தாய்க்குத் தெரியும். பி.எச். என்ற சொல் மட்டும்தான் அவளுக்குத் தெரியாது. மகளுக்கு அந்தச் சொல் தெரியும். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து புட்டியின் பின்புறத்தை ஒருமுறை படித்தால், காசும் மிஞ்சும், முகமும் மிஞ்சும்.