பாறுகள் எங்கே போயின?

குழந்தைகளே! நான் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் மாடு இறந்தால் ஊருக்கு வெளியே பொட்டலில் போட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வானத்தில் புள்ளி புள்ளியாக வட்டமிடும். பிறகு ஒவ்வொன்றாக இறங்கும். நாங்கள் பள்ளி விட்டு வரும்போது எலும்பு மட்டும்தான் கிடக்கும். நாற்றம்கூட இருக்காது!

அந்தப் பறவையைப் 'பிணந்தின்னிக் கழுகு' என்போம். பாறு என்பதுதான் அதன் நல்ல தமிழ்ப் பெயர். கழுகு வேட்டையாடும், பாறு இறந்ததைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யும். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் உச்சிவேளையில் சோறு தின்ன வந்தவையும் பாறுகள்தான். அவையும் 1990களின் பிற்பகுதியோடு வருவதை நிறுத்திவிட்டன.

யாராவது சுட்டார்களா? இல்லை. கொன்றது ஒரு வலி மருந்து. பெயர் டைக்ளோஃபினாக். மாட்டுக்குக் காய்ச்சலோ வீக்கமோ வந்தால் இந்த ஊசி போட்டார்கள். விலை மலிவு, மாட்டுக்குக் கெடுதலும் இல்லை. ஊசி போட்டும் பிழைக்காத மாட்டைத் தின்ற பாறுவுக்குத்தான் சிறுநீரகம் கெட்டது. உடலுக்குள் யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாகப் படிய, சில நாட்களில் அது செத்தது. ஒரே மாட்டைப் பல பாறுகள் கூடித் தின்னுமே! பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அப்புறம் இழப்பை எப்படி ஈடுகட்டும்? பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் 2004இல் இந்தக் காரணம் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பறவை போனால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. இறந்த மாடுகள் அழுகிக் கிடந்தன. தண்ணீர் கெட்டது. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் கூடியது. பாறுகள் இல்லாததால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அம்மாடி!

அரசு சும்மா இருக்கவில்லை. 2006இல் மாட்டுக்கு இந்த மருந்தைத் தடை செய்தது. நம் ஆட்கள் விட்டார்களா? மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பிக்கும் தடை வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் என்ற இரு மருந்துகளும் கால்நடைக்குக் கூடாது என்றார்கள். இதில் அசெக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். எப்படிப்பட்ட வேடம் பாருங்கள்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கலிபோர்னியா காண்டோர் என்ற பெரிய பறவை, வேட்டைக்காரர்கள் சுட்ட விலங்குகளில் இருந்த ஈயக் குண்டைத் தின்று செத்தது. 1987இல் உலகிலேயே 27 தான் இருந்தன. காட்டில் மிஞ்சியதையும் பிடித்துக் கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள். இன்று 500க்கும் மேல். நம் நாட்டிலும் ஹரியானாவின் பிஞ்ஜோரில் பாறுகளை இப்படி வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை நீர்மருது மரங்களில் இன்னும் கூடு கட்டுகின்றன.

சட்டத்தைவிட மாட்டுத் தொழுவம்தான் முக்கியம் என்பது என் எண்ணம். நம் மாவட்டத்தில் மாடு இல்லாத தெரு எது? உங்கள் வீட்டு மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம், "இது என்ன மருந்து சார்?" என்று கேளுங்கள். மெலாக்சிகாம் என்றால் பாறுவுக்கு ஆபத்தில்லை.

அப்படியே தாத்தா, பாட்டியிடம் உங்கள் ஊரில் பாறுவைக் கடைசியாகப் பார்த்தது எப்போது, எந்தப் பொட்டலில் என்று கேட்டு நோட்டில் குறித்து வையுங்கள். எங்கள் ஊருக்கு நான் குறித்துவிட்டேன்.